கிக் விழாததற்குக் கை வேகம்தான் காரணமா?

11 ஏப்ரல் 2020, வாசகர் கேள்வி

"வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்ல (ஆன்லைன் சண்டை விளையாட்டு) ரோக் விளையாடறேன், கத்தி வச்சுக் கிட்ட நின்னு அடிக்கிற கிளாஸ். வயசு 34. ரியாக்‌ஷன் டெஸ்ட்ல 280 மில்லி வினாடி காட்டுது. எதிரி ஸ்பெல் (மந்திரம்) போட ஆரம்பிச்சதும் கிக் அடிச்சுக் கலைக்கணும்னு தெரியுது, ஆனா பத்துல ரெண்டுதான் விழுது. இது சின்னப் பசங்க கை வேகத்துக்கான வேலை, வேற கிளாஸுக்குப் போயிடலாம்னு பார்க்கறேன். சரிதானே?"

11 ஏப்ரல் 2020, இரவு

போகாதீர்கள். 280 ஒன்றும் மோசமான எண் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பாலடின் என்ற கிளாஸ் குணப்படுத்தப் போடும் ஃப்ளாஷ் ஆஃப் லைட் ஸ்பெல்லுக்கு 1.5 வினாடி. உங்கள் கைக்கு 280. பிங் (இணையத் தாமதம்) 170 என்று வைத்தால் போக ஒன்று வர ஒன்று, 340. மொத்தம் 620. இன்னும் 880 மில்லி வினாடி சும்மா கிடக்கிறது. ஹோலி லைட் என்றால் 2.5 வினாடி, அதில் டீயே ஆற்றிவிடலாம். ஆக கை வேகத்துக்கும் கிக்குக்கும் சம்பந்தமே இல்லை.

12 ஏப்ரல் 2020

நேற்று பிங்கை இரண்டு தடவை கூட்டிவிட்டேன். தவறு. பிங் என்பதே போய்வரும் நேரம். அவன் ஸ்பெல் தொடங்கிய செய்தி சர்வரிலிருந்து எனக்கு வரப் பாதி, என் கிக் சர்வருக்குப் போகப் பாதி. ஆக 170 ஒரே தடவைதான். மிச்சம் 880 இல்லை, 1,050. திரைக்கும் விசைப்பலகைக்கும் ஒரு 30, 40 கழித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கேள்வி இன்னும் பெரிதாகிறது. கையில் முழுசாக ஒரு வினாடி இருந்தும் ஏன் விழவில்லை?

15 ஏப்ரல் 2020

ஊரடங்கு, வெளியே போக வழியில்லை. மூன்று ராத்திரி இதற்கே போனது. ஃபோனில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறது. மேசை விளக்கைச் சாய்த்து, திரையும் என் இடது கை விரலும் ஒரே சட்டத்தில் தெரியும்படி ஃபோனை நாலு புத்தகத்தின் மேல் நிறுத்திக்கொண்டேன். டூயலுக்கு, அதாவது ஒண்டிக்கு ஒண்டிச் சண்டைக்கு, எங்கள் கில்டு (விளையாட்டுக் குழு) நண்பர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருப்பது லண்டன், விளையாடுவது பாலடின். ஐரோப்பிய சர்வர் என்பதால் அவருக்குப் பிங் 20-க்குள். திருச்சியில் எனக்கு 170.

முதல் சுற்றில் அவர் ஃப்ளாஷ் ஆஃப் லைட் மட்டும் போடுவார், நான் பார்த்ததும் அடிக்கவேண்டும். எதிரி ஸ்பெல் போடுவதைக் காட்டும் பட்டை (கேஸ்ட் பார்) முளைத்த படத்திலிருந்து விரல் இறங்கிய படம்வரை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். பெரும்பாலும் 56, 58 படம். ஒரு படம் 4 மில்லி வினாடிக்குச் சற்று மேல் என்பதால் 235 சுமாருக்கு வருகிறது.

அடுத்த சுற்றில் ஃப்ளாஷ் வந்தால் விட்டுவிடவேண்டும், ஹோலி லைட் வந்தால் மட்டும் அடிக்கவேண்டும். எண்ணிக்கை 98, 100, 105 என்று ஏறிவிட்டது, அதாவது 400-ஐத் தாண்டி. அதே விரல், அதே நாற்காலி, அரை மணி நேர இடைவெளி. கூடிப்போன அந்தச் சுமார் 180 முழுக்க மண்டைக்குள் நடந்தது: எந்த ஸ்பெல், அடிக்கணுமா வேண்டாமா.

இது புதுச் சங்கதி இல்லை. டச்சுக்காரர் டொண்டர்ஸ் 1868-லேயே இந்தக் கழித்தல் கணக்கைச் செய்துவிட்டார். எந்தக் காலில் மின்சாரம் படும் என்று முன்பே தெரிந்தால் ஒரு நேரம், தெரியாவிட்டால் அதைவிடச் சுமார் 1/15 வினாடி அதிகம். 1952-ல் ஹிக் வந்து, தேர்வுகள் கூடக் கூட நேரமும் மடக்கைக் கணக்கில் கூடும் என்று காட்டினார். ரியாக்‌ஷன் டெஸ்டில் ஒரே நிறம், ஒரே சொடுக்கு. டூயலில் தேர்வுகள் ஏராளம். உங்கள் 280 எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

15 ஏப்ரல் 2020, பின்னிரவு

எனர்ஜியைச் சொல்ல மறந்தேன், ரோக்கின் ஒவ்வொரு அடிக்கும் செலவாகும் சக்தி அது. கிக்குக்கு 25 எனர்ஜி. வழக்கமாக அடிக்கும் சினிஸ்டர் ஸ்ட்ரைக்குக்கு 45. இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் 20 ஏறும். எனர்ஜி வந்ததும் வந்ததும் அடித்துத் தீர்த்துவிட்டால், அவன் கையைத் தூக்கும் நேரம் உங்களிடம் 12-தான் இருக்கும். விசையை அழுத்துவீர்கள், எதுவும் நடக்காது, "நான் ஸ்லோ" என்று நினைப்பீர்கள். என் வீடியோவில் விழாத கிக்குகளில் பாதிக்கு மேல் இதுதான். விரல் நேரத்துக்கு இறங்கியிருக்கிறது, பையில்தான் காசில்லை.

ஹீலரோடு (குணப்படுத்துபவரோடு) மோதும்போது 25-ஐத் தொடக்கூடாத பணமாக ஒதுக்கி வையுங்கள். நான் தரும் அறிவுரையில் இன்றே பலன் தருவது இது ஒன்றுதான்.

19 ஏப்ரல் 2020

பட்டையைப் பற்றி ஒரு பெரிய விஷயம். கிளாசிக்கில் எதிரியின் கேஸ்ட் பாரை விளையாட்டு தானாகக் காட்டுவதில்லை. நாம் ஆடான் (கூடுதல் மென்பொருள்) போட்டுக் காட்டவைக்கிறோம். அந்த ஆடானுக்கும் உண்மை தெரியாது. 'இன்னார் இந்த ஸ்பெல்லைத் தொடங்கினார்' என்ற ஒரு வரி லாக்கில் (சண்டைக் குறிப்பில்) விழுந்ததும், இந்த ஸ்பெல் இத்தனை வினாடி என்று தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்துப் பட்டையை ஓடவிடுகிறது. அடி பட்டு ஸ்பெல் பின்னுக்குப் போனாலும், அவன் நடுவில் நிறுத்திவிட்டாலும், பட்டை பல நேரம் தன்பாட்டுக்கு ஓடும்.

இதை எனக்குச் சொன்னது அந்த லண்டன் நண்பர். பத்துத் தடவை பொய்யாகத் தொடங்கி நிறுத்தினார், பத்திலும் ஏமாந்தேன். வாய்ஸில் கேட்டார்: "அண்ணை, நீங்கள் எங்க பாக்கிறியள்? பட்டையைத்தானே? அதை விடுங்கோ. என்ர கையைப் பாருங்கோ."

பார்த்தேன். ஹோலி ஸ்பெல் தொடங்கினால் இரண்டு உள்ளங்கையிலும் மஞ்சள் ஒளி பிடிக்கிறது, முழங்கை மடங்கி மார்பு உயரத்துக்கு வருகிறது. நிறுத்தினால் அந்த ஒளி அணைந்து கை தொங்கிவிடுகிறது, பட்டை மட்டும் மேலே வெறுமனே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆறு மாதம் அந்த வெறும் பட்டையைத்தான் உதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று தூக்கமே வரவில்லை. கோபத்தில் இல்லை, கண் திறந்த சந்தோஷத்தில்.

22 ஏப்ரல் 2020

ஃபேக் கேஸ்ட், அதாவது ஸ்பெல்லைப் பொய்யாகத் தொடங்கி நிறுத்துவது, ஏன் என்று மதுரை வாசகத் தம்பி ஒருவர் கேட்கிறார். ரோக்கின் கிக் பட்டால் அந்த ஸ்பெல் எந்தப் பள்ளியோ (ஹோலி, ஃபிராஸ்ட் போன்ற மந்திர வகை) அது முழுக்க 5 வினாடிக்குப் பூட்டு. பாலடினுக்குக் குணப்படுத்துவது எல்லாமே ஹோலி, ஒரு கிக்கில் கடையையே சாத்திவிடலாம். அதனால்தான் அவர் தொடங்குவதுபோல் தொடங்கி, உங்கள் கிக் காற்றில் போனதும், 10 வினாடிக்கு நீங்கள் கை கட்டி நிற்க, நிதானமாகக் குணமாக்கிக்கொள்கிறார். மந்திரவாதி கிளாஸான மேஜ் எதிரியைக் கலைக்கப் போடும் கவுன்டர்ஸ்பெல் ஏமாந்தால் இன்னும் வலி, அதற்கு 30 வினாடி காத்திருக்கவேண்டும்.

மற்ற கிளாஸ்களில் எதை உதைக்கிறோம் என்பதிலேயே பாதி ஆட்டம். மேஜின் ஃபிராஸ்ட்போல்ட்டை உதைத்தால் ஃபிராஸ்ட்தான் பூட்டு. அடுத்த நொடி பாலிமார்ஃப் போட்டு உங்களை ஆடாக்குவான், அது ஆர்கேன். பாலிமார்ஃபை உதைத்தால் ஆர்கேன் பூட்டு, பிளிங்க் அடித்துத் தப்பவும் முடியாது, ஆனால் ஃபிராஸ்ட் நோவா திறந்திருக்கும். வார்லாக்கின் ஃபியரைத் தடுத்தால் ஷேடோ போகும், நெருப்பு மிஞ்சும். இதையெல்லாம் 1.5 வினாடிக்குள் யோசித்து முடிக்க ஒருவராலும் முடியாது. டூயல் தொடங்கும் முன்பே 'இன்று இவனிடம் பாலிமார்ஃபை மட்டும்தான் உதைப்பேன்' என்று முடிவுகட்டி இறங்கினால், ஹிக்கின் கணக்கில் தேர்வுகள் சுருங்குகின்றன, நேரமும் சுருங்குகிறது. செய்து பார்த்தேன், 400 என்பது 300-க்குப் பக்கத்தில் வந்தது.

27 ஏப்ரல் 2020

முதல் நாள் "சம்பந்தமே இல்லை" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கில்டு வார்ஸ் என்ற வேறொரு ஆட்டம் விளையாடிய ஒருவர் நேராகவே கேட்டார்: "ஒங்க ஆட்டத்துல ஸ்பெல் ஆமை மாதிரி போகுது, அதனால பேசறீங்க. எங்க ஆட்டத்துக்கு வாங்க." அவர் சொன்னது நியாயம்.

2005-ல் வந்த ஆட்டம் அது. அங்கே கலைப்பதற்கும் நேரம் பிடிக்கும். வில்லாளி கிளாஸான ரேஞ்சரின் டிஸ்ட்ராக்டிங் ஷாட் விடவே அரை வினாடி, அப்புறம் அம்பு பறக்கவேண்டும். குணப்படுத்தும் ஸ்பெல்லான ஆரிசன் ஆஃப் ஹீலிங் 1 வினாடி. அரையைக் கழித்தால் அரை மிச்சம், அதில் பிங், அதில் அம்பின் பயணம், மீதிதான் உங்களுக்கு. வேர்ட் ஆஃப் ஹீலிங் முக்கால் வினாடி. மிச்சம் கால் வினாடி, அதாவது 250. பார்த்து அடிப்பது அங்கே நடக்காத காரியம். மெஸ்மர் என்ற கிளாஸ் கலைக்கப் போடும் பவர் ஸ்பைக் கால் வினாடி என்பதால் கொஞ்சம் மூச்சு விடலாம். அதுவும் சர்வருக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு.

அந்த ஆட்டத்தில் கெட்டிக்கார ரேஞ்சர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். ஹீலரின் ஆள் உயிர் இறங்குவதைப் பார்த்து, 'இப்போது போடுவான்' என்று அவன் தொடங்கும் முன்பே அம்பை விடுவார்களாம். பட்டால் அந்த ஸ்பெல் மீள வழக்கத்தைவிட இன்னும் 20 வினாடி கூடுதல். அதற்காகச் சூதாடலாம்தான்.

ஆகவே திருத்தம்: ஸ்பெல் 1.5 வினாடிக்கு மேல் என்றால் கை வேகம் கணக்கில் இல்லை. ஒரு வினாடிக்குக் கீழே போனால் கை வேகம் போதவே போதாது. நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அங்கேதான் 230-க்காரன் 280-க்காரனை ஜெயிப்பான்.

28 ஏப்ரல் 2020

முன்கூட்டி அடிப்பது பற்றி ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி வெடித்து 100 மில்லி வினாடிக்குள் கால் அழுத்தினால் ஃபால்ஸ் ஸ்டார்ட். காதில் விழுந்து கிளம்பியதாக அதை எடுத்துக்கொள்வதில்லை, ஊகித்துக் கிளம்பியதாகத்தான் கணக்கு. என் வீடியோவில் 80 மில்லி வினாடியில் ஒரு கிக் இருந்தது. பெருமையாக நண்பருக்கு அனுப்பவிருந்தேன். அது ஊகம். அவர் கொஞ்சம் தாமதித்திருந்தால் காற்றில் போயிருக்கும்.

2 மே 2020

இந்த வாரம் சத்தத்தைத் திறந்து விளையாடுகிறேன். கண்ணைவிடக் காது வேகம் என்பது சோதனைச்சாலையில் பலமுறை பார்த்தது, 30 முதல் 50 மில்லி வினாடி முந்தும். வார்கிராஃப்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் தொடக்கச் சத்தம் தனி. பாட்டை அணைத்துவிட்டு ஸ்பெல் சத்தத்தை மட்டும் ஏற்றுங்கள். இரண்டு நாளில் காது பழகிவிடும், எதிரி முதுகுப் பக்கம் இருந்தாலும் தெரியும்.

5 மே 2020

சத்தம் வைத்தும் மோசமாகிவிட்டது என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். ஹெட்ஃபோன் என்ன என்று கேட்டேன், ப்ளூடூத். அதை முதலிலேயே நான் எழுதியிருக்கவேண்டும், மன்னிக்கவும். சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோன் 100 முதல் 200 மில்லி வினாடி தாமதமாகத்தான் சத்தத்தைத் தரும். காதில் மிச்சம் பிடித்த 40 அதிலேயே கரைந்து, கடனும் ஆகிவிடும். கம்பி வைத்தது, நூறு இருநூறு ரூபாய்க்கு வாங்கினாலும் போதும்.

9 மே 2020

பிங் 170 நிலையாக இருந்தால் அதோடு குடித்தனம் நடத்தலாம். நிலையில்லாததுதான் பிரச்சினை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தெருவே வீட்டிலிருந்து படம் பார்க்கிறது. 170 திடீரென்று 400, மறுபடி 180. இணைப்பு தரும் நிறுவனத்துக்கு நாலு முறை ஃபோன் செய்தேன். "ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க சார்" என்கிறார்கள். வேகம் சரியாகத்தான் இருக்கிறது. அலைபாய்வதைப் பற்றிப் புகார் வாங்க அவர்களிடம் பெட்டியே இல்லை.

தூரத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி வினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். போய்வர 29, அதற்குக் கீழே எந்த நிறுவனம் சொன்னாலும் நம்பாதீர்கள். ஐரோப்பாவுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

17 மே 2020

கிக் பட்ட சத்தம் கேட்டது, ஹீலும் விழுந்தது. எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? நான் வாரத்துக்கு இரண்டு முறை. கிளாசிக் சர்வர் பழைய ஆட்டம்போலவே இருக்கவேண்டும் என்று செயல்களை 400 மில்லி வினாடிக் கட்டுகளாகச் சேர்த்துத் தீர்க்கிறது. ஒரே கட்டுக்குள் இரண்டும் விழுந்தால் இரண்டும் நடக்கலாம். இரண்டு மேஜ்கள் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் ஆடாக்கிக்கொண்டு திரிவது இதனால்தான், பார்க்க அழகாக இருக்கும். கிக் அடிப்பவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 'கடைசி நொடியில் அடித்தால் ஃபேக் கேஸ்டுக்கு ஏமாறமாட்டோம்' என்று சிலர் இங்கே சொன்னீர்கள். இந்தச் சர்வரில் கடைசி 400 உங்களுடையது இல்லை. 1.5 வினாடி ஸ்பெல்லில் பாதியைத் தாண்டியதும் அடித்துவிடுங்கள்.

6 ஜூன் 2020

"மெஷின் விளையாடினா நம்ம கதி என்ன?" என்ற கேள்விக்கு. டோட்டா 2 என்ற ஆட்டத்தை விளையாட ஓப்பன்ஏஐ செய்த மென்பொருள் முதலில் 80 மில்லி வினாடியில் எதிர்வினை காட்டியது. அநியாயம் என்று பேச்சு எழுந்தது. 2018 ஆகஸ்ட் போட்டிக்கு அதை 200 ஆக்கினார்கள். 2019 ஏப்ரலில் அது உலக சாம்பியன் அணியான ஓஜியை 2-0 என்று வென்றது.

200 என்பது உங்களிடமும் என்னிடமும் கிட்டத்தட்ட இருக்கிற எண். அதனிடம் கூடுதலாக இருந்தது வேறு: களத்தின் நிலையை ஒவ்வொரு முறையும் எண்களாக முழுசாக வாங்கிக்கொண்டது. ஓரக்கண்ணால் உயிர்ப்பட்டையைப் பார்க்கப் போய் எதிரியின் கையைத் தவறவிடும் சிக்கல் அதற்குக் கிடையாது. நமக்கு இருக்கிற ஒரே ஜோடிக் கண்ணை எங்கே வைக்கிறோம் என்பதைத்தான் ஏப்ரலிலிருந்து சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

7 ஜூன் 2020

வயது. எனக்கு 39. சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் 2014-ல் 3,305 ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார்கள், 16 முதல் 44 வயது வரை. ஒரு இடத்தைப் பார்த்து முதல் செயல் செய்யும் இடைவெளி 24 வயதிலிருந்தே கூடத் தொடங்குகிறது. மறைக்க ஒன்றுமில்லை, இறக்கம் உண்மை. ஆனால் வயதானவர்கள் ஆட்டத்தை எளிமையாக்கிக்கொண்டு ஈடுகட்டுவதும் அதே ஆய்வில் தெரிந்தது. 34-க்காரர் கவனிக்க.

20 டிசம்பர் 2020

நக்ஸ்ராமஸ் (பெரிய குழுவாகச் சேர்ந்து இறங்கும் ரெய்டு) திறந்த மாதம். கடைசி பாஸ் கெல்துஸாத். இரண்டாம் கட்டத்தில் அவன் போடும் ஒற்றை ஃபிராஸ்ட்போல்ட் 2 வினாடி. கலைக்காவிட்டால் டேங்க்குக்கே (முன்னால் நின்று அடி தாங்குபவருக்கே) ஆபத்து. எல்லோரையும் தாக்கும் ஃபிராஸ்ட்போல்ட் வாலி என்ற ஸ்பெல்லைக் கலைக்க முடியாது. ஆக இரண்டையும் பிரித்தறியவேண்டும், ஏப்ரலில் நான் எண்ணிய அதே 100 படக் கணக்கு.

நாங்கள் மூன்று ரோக். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை. போன வாரம் என் முறை வருவதற்குள் முதலாமவர் ஃபிராஸ்ட் பிளாஸ்டில் பனிக்கட்டியாக உறைந்துவிட்டார். வாய்ஸில் யாரும் பேசவில்லை. நான் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எனர்ஜி 31. கை நீல ஒளியோடு எழுந்தது, அடித்தேன், ஸ்பெல் கலைந்தது. எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த ஒரு வினாடி அது. ரெய்டு லீடர் "யாரு அடிச்சது?" என்று கேட்டார். சொன்னேன்.

24 ஏப்ரல் 2021

விளையாட்டின் புதுப் பேட்சில் (திருத்தப் பதிப்பில்) அந்த 400 மில்லி வினாடிக் கட்டை 10-க்குக் குறைத்துவிட்டார்கள். மே 17-ல் நான் எழுதிய 'பாதியில் அடியுங்கள்' அறிவுரையை இனி யாரும் பின்பற்றவேண்டாம். நேற்று லண்டன் நண்பரோடு மறுபடி உட்கார்ந்தோம். ஃப்ளாஷ் ஆஃப் லைட்டில் 1.2 வினாடி வரை காத்திருந்து அடித்தாலும் சுத்தமாக விழுகிறது. அவரும் ஃபேக் கேஸ்டை ஒரு வினாடி வரை இழுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பத்துக்கு ஆறு எனக்கு, நாலு அவருக்கு. ஃபோனை மறுபடி அதே நாலு புத்தகத்தின் மேல் வைத்து எடுத்திருக்கிறேன். படங்களை எண்ணி முடித்ததும் இங்கேயே போடுகிறேன்.

கேள்வி கேட்டவருக்கு: கம்பி ஹெட்ஃபோன் வாங்கினீர்களா? இன்னும் ரோக்தானே?